ஐம்பத்தைந்து லிட்டர் ஆசை

இது நடந்து, வருகிற சீனப் பெருநாளோடு இரண்டு வருடம் முழுசாக முடிகிறது. இடம், கூலிமுக்கு உள்ளே தள்ளியிருக்கும் செடிம் ஆற்றங்கரை. ஆனால் தப்பு நடந்தது அங்கே இல்லை. கோலா கெத்திலில், என் வீட்டு அடுப்படியில். அது தப்பு என்று நான் தெரிந்துகொண்டதுதான் ஆற்றங்கரையில்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை மெக்கானிக். அங்கே போய் அப்போதே பதினோரு வருடம். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார், திரும்ப பஸ் ஏறிவிடுவார். எங்களுக்கு ஒரே மகள். அவளும் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும்தான். அரை டின் அரிசி போட்டாலும் மிஞ்சிவிடும்.

எனக்கு வாய் ஜாஸ்தி என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் ஊமை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது. அதற்குப் பதிலாக, சாப்பிட்டீங்களா என்பேன். என்ன குழம்பு என்பேன். மீன் புதுசா என்பேன். பதினோரு வருடமும் எங்கள் போன் பேச்சில் பாதி குழம்பிலேயே போய்விட்டது.

காரில் போய்த் தங்கலாம் என்ற ஆசை அவருடையது. அவர் தங்கியிருக்கும் அறையில் ஏழு பேர். எப்போதும் ஒருத்தர் குறட்டை விடுவார், ஒருத்தர் போனில் வீட்டோடு சண்டை போடுவார். அந்தச் சத்தத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு, கார் எடுத்துக்கொண்டு காட்டுக்கும் ஆற்றுக்கும் போய்த் தங்குகிறவர்களின் வீடியோக்களாகப் பார்ப்பாராம். பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சொன்னார்.

“இந்த லீவுக்கு நம்ம ரெண்டு பேரு மட்டும் போவோம்மா. ஆத்துப் பக்கத்துல காடிய நிறுத்திட்டு, பின்னாடி சீட்ட மடக்கிப் போட்டு அதுலயே படுத்துக்குவோம். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருப்போம்.”

அதே போனில் இன்னொன்றும் சொன்னார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்களாம். வந்து பேசி முடிவு பண்ணலாம் என்றார்.  சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன குழம்பு என்று கேட்டேன்.

மறுநாளே அவருக்கு ஏதாவது வேலை உண்டா என்று என் தொழிற்சாலை ஆபீஸில் விசாரித்தேன். மெயின்டெனன்ஸ் பக்கம் ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் சிங்கப்பூர் அளவுக்கு வராதுதான், வராவிட்டால் போகட்டும். அந்த வேலைக்கு எழுதிப் போடும் மனுப் பாரத்தை வாங்கி மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆற்றங்கரையில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வயிறு நிறையப் போட்டு, முகம் மலர்ந்திருக்கும் நேரம் பார்த்து அதை நீட்டலாம் என்று ஒரு கணக்கு. வாயால் சொல்ல முடியாததைச் சாப்பாடு சொல்லிவிடும் என்று அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு.

சாப்பாட்டைக் கெடாமல் கொண்டுபோக காரில் வைக்கும் ஃபிரிட்ஜ் பெட்டி வேண்டும். அவர் இருபது லிட்டர் போதும் என்றார். மகளும் வீடியோ காலில் வந்து அதையேதான் சொன்னாள்.

“மா, ரெண்டு பேரு, ரெண்டு நாளு. இருவதே ஜாஸ்தி லா. உள்ளுக்கு எத்தன லிட்டர்னு மட்டும் பாக்காதீங்க, வெளில எத்தன சென்டிமீட்டர்னும் பாருங்க. நம்ம காடி சின்னது.”

நான் ஆன்லைன் கடையில் இருபது லிட்டர் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு டின் பானமும் ஒரு கோழியும் வைத்தால் முடிந்தது. அறுபது நாள் எவன் கையிலோ சாப்பிட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு இவ்வளவுதானா கொண்டுபோவது? ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, இறால் சம்பல், கெளுத்தி மீன் குழம்பு, தோசை மாவு, அதற்கு ரெண்டு சட்னி என்று மனசுக்குள் பட்டியல் ஓடியது. கை தானாக ஐம்பத்தைந்து லிட்டரை அழுத்திவிட்டது. மகளிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

பெட்டி வந்து இறங்கியபோதுதான் அதன் சைஸ் எனக்கு உறைத்தது. காரின் பின்பக்கத்தை நான் முன்னாலேயே டேப் வைத்து அளந்திருந்தேன். நீளம் சரி, அகலம் சரி. ஆனால் மூடியைத் திறக்க மேலே இடம் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. டிக்கியில் வைத்தால் மூடி சாய்வான பின்கண்ணாடியில் இடித்துக்கொண்டு கால்வாசிகூடத் திறக்கவில்லை. அட கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். கடைசியில் பின்சீட்டை மடக்கி, அதற்கு மேலே பாதி இடத்தில் ஏற்றி வைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு கார் பட்டறை இருக்கிறது. அந்தப் பட்டறைத் தம்பி பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் கொடுத்தான்.

“அக்கா, மொத நாளே வீட்டுக் கரண்ட்டுல போட்டு பொட்டிய குளிர வச்சிடுங்க. உள்ள வைக்கிற சாமானும் குளிர்ந்திருக்கணும். அமுக்கி அடைக்காதீங்க, காத்து போவணும். இந்த எச், எம், எல்னு சுவிட்ச் இருக்குல்ல, எச்லயே விடுங்க. பேட்டரி எறங்குனா ஃபிரிட்ஜ் தானா நின்னுக்கும், காடி தப்பிச்சிடும். எல்ல போட்டா பேட்டரிய கடைசி வரைக்கும் உறிஞ்சிடும்.”

எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் அவர் வந்து இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அதன்மேல் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள நானே படுத்துக்கலாம் போலருக்கே,” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போனேன். போனவள்தான். அன்றைக்கும் மறுநாளும் நான் வெளியே வந்தது பாசாருக்குச் சாமான் வாங்கப் போக மட்டும்தான். ஐம்பத்தைந்து லிட்டர் என்றால் சும்மாவா? வாங்கியாகிவிட்டது, நிரப்ப வேண்டுமே.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆட்டிறைச்சிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“ஒரு நிமிஷம் உக்காரும்மா. ஒரு விஷயம் பேசணும்.”

“மசாலா கருகிடும்ங்க. அப்புறம் பேசுவோம்,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றிருப்பார் போல. பிறகு செருப்புச் சத்தம் முன்பக்கம் போனது.

பெருநாள் அன்று காலையில் கிளம்பினோம். குழம்புச் சட்டிகளெல்லாம் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன. நேரம் ஆகிறதே என்று அப்படியே டப்பாக்களில் ஊற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்து, மூடியை முழங்கையால் அழுத்தி மூடினேன். போகிற வழியெல்லாம் ரப்பர் மரங்கள் இலை கொட்டி நின்றன. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் பெட்டி உறுமிக்கொண்டே வந்தது.

ஆற்றங்கரையில் காரை நிறுத்தியதும் அவர் பின்கதவைத் திறந்து பாயை விரிக்கப் போனார். விரிக்க இடம் இல்லை. பாதியில் பெட்டி. மீதிப் பாதியில் ஒருத்தர் வேண்டுமானால் ஒருக்களித்துப் படுக்கலாம். இறக்கிக் கீழே வைக்கலாம் என்றால் வயர் எட்டவில்லை. “பரவால்ல, நான் முன் சீட்டுல சாஞ்சிக்கிறேன்,” என்றார். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு அப்போது கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எதைச் சூடு பண்ணுவது என்ற யோசனையில் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து வந்த புருஷன் முன்சீட்டில், நான் பின்னால், நடுவில் ஜம்மென்று ஃபிரிட்ஜ். அந்த ஒரு ராத்திரி எங்களுக்கு அப்படித்தான் போயிற்று.

அதற்கு முன்னால் சாயங்காலம் இன்னொரு கூத்து நடந்தது. அவர் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது பெட்டி கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. திறந்து தொட்டுப் பார்த்தால் டப்பாக்கள் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. ஐயோ, என் நண்டு, என் இறால்! பட்டறைத் தம்பி சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. தெரிந்தேதான் ‘எச்’சில் இருந்த சுவிட்சை ‘எல்’லுக்கு மாற்றினேன். பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் அவர் சாவியைத் திருகினார். டிக் டிக் என்றது. திரும்பத் திருகினார். அதுவும் இல்லை. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. ஃபிரிட்ஜும் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. திறந்தேன். இறால் சம்பலில் புளித்த வாடை. தோசை மாவு பொங்கி டப்பாவை விட்டு வெளியே வழிந்து, எல்லாவற்றின்மேலும் ஓடியிருந்தது.

நான் அழுதேன். சின்ன அழுகை இல்லை, ஓவென்று அழுதேன். சாப்பாட்டுக்கா இவ்வளவு அழுகை என்று அவர் திகைத்துப்போய் நின்றார். என் கணக்கே கவிழ்ந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள் இருப்பாள். ஊர் திகாம் பத்துவாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராக வந்திருந்தார்கள்.

“அழாதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரு வேன எடுத்துக்கிட்டு கரி வாங்கப் போயிருக்காரு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு. கேபிள் இருக்கு, ஸ்டார்ட் பண்ணிடலாம்.”

கெடாததைப் பிரித்தெடுக்க அவளே கூட உட்கார்ந்தாள். ஆட்டிறைச்சி தப்பித்திருந்தது, மீன் குழம்பும் தப்பித்திருந்தது. உடனே கொதிக்க வைக்க வேண்டும் என்று அவள் அடுப்பையே கொண்டுவந்தாள். கீழே ஒரு பெரிய குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. அவர்களையும் கூப்பிட்டுச் சட்டியோடு கொடுத்துவிட்டோம். அவருக்காக இரண்டு நாள் நின்று சமைத்ததை முன்பின் தெரியாதவர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். நல்லா இருக்கு அக்கா என்று வேறு சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சிரிப்பு.

நடுவில் அந்தப் பெண் அவர்களுடைய ஃபிரிட்ஜிலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்தாள். கூடார ஓரத்தில், தனியாக ஒரு சின்ன பேட்டரியோடு அது இருந்தது. பதினெட்டு லிட்டர். கைப்பிடியைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். உள்ளே நாலு முட்டை, ஒரு பொட்டலம் மீன், ஒரு போத்தல் சிராப் பானம். பாதிக்கு மேல் காலி.

“இது போதுமாம்மா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“போதும்க்கா. மாசத்துக்கு ரெண்டு தடவ வந்துருவோம்ல? ஏதாச்சும் மறந்துட்டா அடுத்த தடவ கொண்டாந்தா போச்சு.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சுருக்கென்று குத்தியது. அடுத்த தடவை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அடுத்த தடவை என்பது எனக்கு இரண்டு மாதம், மூன்று மாதம், சில சமயம் நாலு மாதம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடைக்கப் பார்க்கிறேன். அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளுடைய காலிப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

வேன் வர இன்னும் நேரம் இருந்தது. சமைக்க ஒன்றும் இல்லை, சூடு பண்ண ஒன்றும் இல்லை, கழுவவும் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவர் ஆற்றோரம் ஒரு பாறையில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘எச்’சை ‘எல்’லுக்கு மாற்றியதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.  பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“இப்பதான் உன் மூஞ்சியப் பாக்குறேன் தெரியுமா?”

“ஏன், மூணு நாளா என்னைப் பாக்கலையாக்கும்?”

“முதுகப் பாத்தேன்.”

 அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பெருநாளுக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள பதில் சொல்லச் சொன்னாங்கம்மா. உன்னக் கேட்டுட்டுச் சொல்லலாம்னுதான் முந்தாநாளு அடுப்படிக்கு வந்தேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ வந்தேன். வந்துடுங்கன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேணாம்னு போட்டுருப்பேன். நீ திரும்பவே இல்ல. சரி, இவளுக்கும் பழகிப் போச்சு போலன்னு நெனச்சிட்டேன். அஞ்சு மணிக்கு ஓகேன்னு அனுப்பிட்டேன்.”

 மசாலா கருகிடும் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. எழுந்துபோய்க் காரிலிருந்து கைப்பையைக் கொண்டுவந்து, அந்த மனுப் பாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் கறை பட்டிருந்தது. அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எனக்குப் பழகலைங்க,” என்றேன். “பதினோரு வருஷமா பழகல.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை விடவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் கேபிள் மாட்டி ஐந்தே நிமிடத்தில் காரை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் மீன் சுடப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் சுங்கை பட்டாணியில் இவரை பஸ் ஏற்றிவிட்டேன். வழக்கமாக நாலு டப்பா கட்டிக் கொடுப்பேன். அன்றைக்குக் கட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. ஜன்னலோரம் நின்று, பஸ் திரும்பும்வரை அவர் முகத்தைப் பார்த்தேன்.

பெருநாள் முடிந்து ஆபீஸ் திறந்த அன்றே அவர் பேசிப் பார்த்தாராம். வேலை பெர்மிட்டுக்குத் தாள் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். கூலிமில் அந்த வேலைக்கும் இரண்டு வாரத்தில் வேறு ஆள் வந்துவிட்டார். தினமும் கேன்டீனில் அந்தப் புது ஆளைப் பார்க்கிறேன். நல்ல மனிதர். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்க்கும்போதுதான் எனக்கு என்னவோ செய்யும்.

பெரிய பெட்டியை, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் குளிர்பானம் விற்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அக்காவின் வேனுக்கு அது அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. எங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். இந்த முறை சீட்டை மடக்கிப் போட்டு, முதலில் இரண்டு தலையணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மிச்சமிருந்த இடத்தைத்தான் டேப் வைத்து அளந்தேன், மூடி திறக்கும் உயரத்தையும் சேர்த்து. பதினெட்டு லிட்டர் வந்தது. அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் செடிமுக்குப் போகிறோம். நாலு முட்டை, ஒரு பொட்டலம் மீன், ஒரு போத்தல் சிராப். மீன் சுடுவது அவர் வேலை. நான் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலையிடத்தில் இப்போது இளசுகள் நிறையப் பேர் இப்படிக் காரில் தங்கக் கிளம்புகிறார்கள். எத்தனை லிட்டர் வாங்கலாம் அக்கா என்று என்னிடம்தான் கேட்பார்கள். மொதல்ல ரெண்டு பேரும் காடிக்குள்ள படுத்துப் பாருங்க, அப்புறம் பொட்டிக்கு எடம் பாருங்க என்பேன். கிண்டலடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வருகிற பெருநாளோடு அந்த இரண்டு வருடமும் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்டு மறுபடி ஒரு தாள் வரும், எனக்குத் தெரியும். போன வாரம் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். “வந்துடுங்க,” என்றேன்.  அவர், “சாப்பிட்டியா?” என்று கேட்டார். அது என்ன பதில் என்று பெருநாளைக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு அந்த மசாலா கருகவே இல்லை. நல்ல பதமாகத்தான் வந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.